காலத்தின் சல்லடை: சில ஒலிநாடாக்களை முன்வைத்து

நல்லது நிற்கும், அல்லாதது உதிரும், காலத்தின் சல்லடை எவருடைய சிபாரிசுக்கும் மசியாது என்றொரு வாக்கியத்தை நம் இலக்கியக் கூட்டங்களில் ஆண்டுக்கு நான்கு முறையேனும் கேட்கிறோம். சொல்பவர் பெரும்பாலும் தம் நூல் நின்றுவிட்டது என்ற நம்பிக்கையில் இருப்பவர். தொண்ணூறுகளில் சென்னையின் மேற்குப் புறநகரில் புழங்கிய கானா ஒலிநாடாக்களைத் தேடிப் பட்டியலிட வேண்டும் என்று அண்மையில் ஒரு கூட்டத்தில் நாங்கள் பேசியபோதும் அதே வாக்கியம்தான் விடையாக வந்தது. "அவை நல்ல பாட்டாக இருந்திருந்தால் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருப்போமே" என்றார் மதிப்புக்குரிய திறனாய்வாளர் ஒருவர். அவையில் தலைகள் ஆடின. அந்தத் தலையாட்டலை மறுப்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நாங்கள் என்றால், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வளர்ந்து தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கல்லூரிக்குப் போன ஆறேழு பேர். தகப்பன்மார் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலும், 1964இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளிலும் ஷிப்ட் பார்த்தவர்கள். இன்று எங்களில் ஒருவர் வங்கியில், ஒருவர் அச்சகத்தில், இதை எழுதும் கை தமிழ்த் துறையில். எங்களைக் கூட்டிவைத்தது முதலில் இலக்கியம் அன்று, ஒலிநாடா.

எங்களில் ஒருவனுடைய மாமா சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வெல்டராக இருந்தார். ஒருமுறை விடுமுறையில் வந்தபோது, உடன் வேலைசெய்த மலாய் இளைஞர் பதிந்து கொடுத்த தொண்ணூறு நிமிட ஒலிநாடாக்கள் இரண்டைக் கொண்டுவந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை காலையில் பக்திப் பாட்டாக இருக்கும் என்று நம்பி அத்தை அதைப் போட்டுவிட்டு அலறியடித்து நிறுத்தியதும், "எடுத்துட்டுப் போங்கடா, வீட்ல சாமி இருக்குது" என்று மாமா அவற்றை எங்கள் கையில் திணித்ததும் எங்கள் வட்டத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை. ஒன்றில் ருத்ரா, 1992இல் சிங்கப்பூரில் நம்மவர் சிலர் தொடங்கிய குழு, இரும்பைக் கிழிக்கும் கிதார் ஒலிமேல் வடமொழிச் சுலோகங்களை உறுமுபவர்கள். மற்றொன்றில் முழுக்க அமெரிக்க ஹார்ட்கோர் பங்க். அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் குழுக்களின் பெயர்கள் மட்டும் எழுதியிருந்தன. பாட்டின் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, முகம் இல்லை.

இலக்கிய வாசகர்களுக்காக இங்கே சிறிது விளக்க வேண்டியிருக்கிறது. எழுபதுகளின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் எழுந்த பங்க் இசையை, அந்தப் பத்தாண்டு முடியும்போது கலிபோர்னியாவிலும் வாஷிங்டனிலும் இருந்த பள்ளிப் பிள்ளைகள் இரு மடங்கு விரைவாக்கி, பாதியாகக் குறுக்கி எடுத்துக்கொண்டதுதான் ஹார்ட்கோர். பிளாக் பிளாக் என்ற குழு 1979இல் வெளியிட்ட முதல் தட்டில் நான்கு பாடல்கள். நான்கும் சேர்ந்து ஐந்து நிமிடத்துச் சொச்சம். 1981இல் வந்த மைனர் திரெட்டின் முதல் ஏழங்குலத் தட்டில் எட்டுப் பாடல்கள். வானொலி இதைத் தொடாது, பெரிய கம்பெனி இதை வாங்காது என்பது பாடியவர்களுக்கே தெரியும். ஆகவே அவர்களே தட்டு அச்சிட்டார்கள்.

டீன் ஐடில்ஸ் என்ற குழுவின் கதையை மட்டும் சற்று நிதானமாகச் சொல்கிறோம். வாஷிங்டன் நகரத்து உயர்நிலைப்பள்ளிப் பையன்கள் நால்வர். ஓராண்டுக் காலம் பாடிச் சேர்த்த பணம் ஏறத்தாழ 600 டாலர். 1980 இறுதியில் குழு கலைந்தது. பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டு போயிருக்கலாம். அவர்களோ, இல்லாமற்போன குழுவுக்குத் தட்டு போடுவது என்று முடிவெடுத்தார்கள். ஆயிரம் பிரதிகள். உறை எப்படிச் செய்வதென்று தெரியாததால், இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு தட்டின் உறையைப் பிரித்துப் பார்த்து, அதேபோல் தாளை வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். அதை வெளியிடத்தான் டிஸ்கார்டு என்ற நிறுவனம் பிறந்தது. அது இன்றும் இருக்கிறது.

வெட்டி, மடித்து, ஒட்டி, ஆயிரம் பிரதி, கைச்செலவு, தபால் விநியோகம். இதைப் படிக்கும்போது 'எழுத்து' நடத்திய சி.சு. செல்லப்பா நினைவுக்கு வராத சிற்றிதழ் வாசகர் இருக்க முடியாது. தம் வெளியீடுகளைத் தாமே சுமந்துபோய் விற்ற அந்த மனிதரைப் பற்றி எத்தனை கட்டுரைகள் எழுதியிருக்கிறோம்! நான்கு இதழோடு நின்றுபோன பத்திரிகைக்கும் நம்மிடம் வரலாறு உண்டு. முதல் இதழின் அட்டை என்ன நிறம் என்பதில் சண்டையே உண்டு. அந்தச் சண்டையை நாங்கள் மதிக்கிறோம். அந்த மதிப்பு அச்சுத்தாளோடு ஏன் நின்றுவிடுகிறது என்பதே எங்கள் கேள்வி.

அந்த ஒலிநாடாவைக் கேட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் அரக்கோணம் தடத்து மின்ரயிலில் கல்லூரிக்குப் போய்வந்தோம். ஆவடி, அன்னனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம். அதைத் தாண்டினால் பெரம்பூர், வியாசர்பாடி ஜீவா. கானாவை வடசென்னையின் கலை என்று எழுதிவிட்டு வரைபடத்தை மூடிவிடுகிறார்கள் ஆய்வாளர்கள். அது ரயிலேறி மேற்கே வந்ததைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். வியாசர்பாடியில் ஏறிய குரல் வில்லிவாக்கத்துக்குள் பெட்டி முழுவதையும் தன் பின்பாட்டு ஆக்கிவிடும். தபேலா கிடையாது, பெட்டியின் தகரச் சுவரும், சன்னல் கம்பியும், சாப்பாட்டு டப்பாவுமே தாளம். (ரூட்டுத் தல என்ற பேரில் அந்தப் பெட்டிகளில் நடந்த அடிதடியையும் கண்டிருக்கிறோம். அதற்கு இங்கே வக்காலத்து வாங்கவில்லை.)

ரயில் கானா விளையாட்டு. மரண கானா தொழில். சாவு வீட்டில் பிணம் கிடத்தியிருக்கும் இரவு முழுவதும், பதினாறாம் நாள் படத்திறப்பிலும், பாடுபவர் அமர்ந்து இறந்தவருடைய பெயரையும் உறவையும் தொழிலையும் அங்கேயே கேட்டறிந்து பாட்டுக்குள் இழைத்துவிடுவார். மெட்டுத் திரைப்பாட்டுடையதாக இருக்கலாம். சொல் அந்த வீட்டுக்குரியது. மைக் செட்காரர் தம் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு கம்பியை இழுத்து டேப்ரிக்கார்டரில் சொருகி வைத்திருப்பார். விடிந்ததும் அந்த ஒலிநாடா ரெக்கார்டிங் கடைக்குப் போகும். அங்கே பத்து, இருபது பிரதி. இறந்தவரின் உறவினர் வாங்குவார்கள். பின்பு ஆட்டோ ஓட்டுநர்கள், பிறகு நாங்கள். நாய் குரைப்பதும், குழந்தை அழுவதும், நடுவில் யாரோ தேநீர் கேட்பதும் அவற்றில் பதிந்திருக்கும். ஸ்டூடியோ கண்டிராத ஒலி. அட்டையில் பால்பாயிண்ட் பேனாவில் ஒரு பெயர், சில நேரம் அதுவும் இல்லை.

இரண்டையும் ஒரே டேப்ரிக்கார்டரில் மாற்றி மாற்றிக் கேட்டோம். ஹார்ட்கோரும் கானாவும் ஒன்று என்று சொல்லுமளவுக்கு எங்களுக்குச் சித்தம் கலங்கிவிடவில்லை. ஒன்று கத்தல், மற்றொன்று கதைசொல்லல். ஒன்று ஒரு நிமிடத்தில் முடிவது, மற்றொன்று இரவெல்லாம் நீள்வது. ஆனால் இரண்டையும் வானொலி தொடவில்லை. இரண்டும் கைக்குக் கை பிரதியாகிப் பரவின. இரண்டையும் படித்தவர்கள் இரைச்சல் என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பாடத் தெரிய வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் எவரிடமும் அனுமதிக்குக் காத்திராதவர்களின் பாட்டு இரண்டும்.

அதன்பின் முப்பதாண்டில் இரண்டுக்கும் நேர்ந்ததைப் பாருங்கள்.

அந்தப் பையன்களின் தட்டுகளுக்கு முதலில் பட்டியல் போட்டவர்கள் அவர்களுடைய ரசிகர்கள். 1982 முதல் 2019 வரை சான்பிரான்சிஸ்கோவிலிருந்து அச்சில் வந்த மாக்சிமம் ராக்கன்ரோல் என்ற மலிவுத்தாள் இதழ், உலகின் எந்த மூலையிலிருந்து தட்டு வந்தாலும் நாலு வரி விமர்சனம் எழுதியது. பெரும்பாலும் கடுமையாகவே எழுதியது, ஆனால் எழுதியது. எண்பதுகளின் இறுதியில், ஒரே ஒரு தட்டோடு காணாமற்போன பங்க் குழுக்களை மட்டும் திரட்டி 'கில்டு பை டெத்' என்ற தொகுப்பு வரிசை திருட்டுத்தனமாகக் கிளம்பியது. 2000இல் டிஸ்காக்ஸ் என்ற பொதுப் பட்டியல் வந்தபின், தட்டின் நடுவட்டத்தில் கீறியிருக்கும் எழுத்து வரை பதிவாகிவிட்டது. ஃபுகாசி என்ற குழு தன் கச்சேரிகளில் 800க்கும் மேற்பட்டவற்றின் ஒலிப்பதிவைக் காப்பாற்றி வைத்திருந்து, 2011 முதல் ஒவ்வொன்றாகப் பொதுவில் வைத்தது. 2014இல் வாஷிங்டன் நகரப் பொதுநூலகம் பங்க் ஆவணப் பிரிவு ஒன்றையே திறந்தது. நம் ருத்ராவைப் பற்றிச் சிங்கப்பூரில் பல்கலைக்கழக ஆய்வே நடந்திருக்கிறது. டீன் ஐடில்ஸ் பையன்கள் எந்த மாதம் கலைந்தார்கள் என்பதை அம்பத்தூரில் உட்கார்ந்துகொண்டு எங்களால் சொல்ல முடிகிறது. எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளிப் பாடியவருடைய பெயரைச் சொல்ல முடியவில்லை.

இதில் சல்லடை எங்கே இருக்கிறது? அந்தத் தட்டுகளில் பாதி, பாடியவர்களே ஒப்புக்கொள்ளும் அளவுக்கு மோசமானவை. சுதி சேராதவை, ஒலிப்பதிவு குப்பை. அவை நின்றதற்குக் காரணம் தரம் அன்று. யாரோ ஒருவர் பெட்டியில் போட்டு வைத்தார், யாரோ ஒருவர் பெயரை எழுதி வைத்தார். பெட்டி வைக்க வீட்டில் இடம் இருந்தது. அமெரிக்க ஹார்ட்கோர் பிள்ளைகளில் மிகப்பலர் வெள்ளை நடுத்தர வர்க்கத்தினர். பேட் பிரெயின்ஸ் போன்ற கறுப்பினக் குழு விதிவிலக்கு. தாய்வீட்டின் நிலவறையில் இருபது வருடம் பெட்டி கிடக்கலாம், யாரும் தூக்கி எறியப் போவதில்லை. கானா பாடியவருடைய வீட்டில் பரண் ஏது? கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்த்து அனுப்பியபோது, லாரியில் ஏற்றத் தக்க பொருள் எது என்று முடிவெடுக்க அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரம் எவ்வளவு? 2015 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு நீரில் நின்றவர் கையில் எதைத் தூக்கிப் பிடித்திருப்பார்? குடும்ப அட்டையை. காந்தநாடா ஒருமுறை சேற்றுநீர் குடித்தால் அவ்வளவுதான். இதையெல்லாம் காலத்தின் தீர்ப்பு என்று சொல்கிறவருக்கு, வீடு இருப்பவனின் நினைவு மட்டுமே நினைவு என்று நேரடியாகச் சொல்லத் துணிவில்லை என்றே கொள்வோம்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். நம் விவாதங்களில் யாரும் தொடாத பக்கம் இது. நூற்றாண்டுக்கு முன் சென்னைக் குஜிலிக் கடைவீதியில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்களைப் படித்தவர்கள் எப்படி ஏசினார்கள் என்பது நமக்குத் தெரியும். கொலைச் சிந்து, ரயில் விபத்துச் சிந்து, தூக்குமேடைப் பாட்டு. அவற்றையும் சல்லடை கீழே தள்ளியிருக்க வேண்டும். தள்ளவில்லை. 1867ஆம் ஆண்டின் அச்சக, நூற்பதிவுச் சட்டப்படி அச்சானதையெல்லாம் அரசுக்குக் கொடுத்தாக வேண்டியிருந்தது. வெள்ளையரசு இலக்கியப் பற்றால் அதைச் செய்யவில்லை. யார் என்ன அச்சிடுகிறார்கள் என்று கண்காணிக்கச் செய்தது. அந்தச் சந்தேகத்தின் தயவில் லண்டன் நூலகங்கள் வரை போய்ச் சேர்ந்த பிரதிகள் பிழைத்தன. ஆ.இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' நூலில் அவற்றுக்கு வரலாற்று மதிப்பை மீட்டுத் தந்தபோது நாம் எல்லோரும் கைதட்டினோம். திறனாய்வாளர் உட்பட.

சுதந்திர இந்தியா 1954இல் நூல் ஒப்படைப்புச் சட்டம் கொண்டுவந்தது. பதிப்பாளர் ஒவ்வொருவரும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா முதலிய நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். அச்சட்டத்தில் நூல் என்பதற்குத் தரப்பட்ட விளக்கம் விரிவானது. சிறு வெளியீடு உண்டு, வரைபடம் உண்டு, தனித்தாளில் அச்சிட்ட இசைக்குறிப்பும் உண்டு. இசை இல்லை! பாட்டின் ஸ்வரத்தைத் தாளில் அச்சிட்டால் அது நாட்டின் சொத்து. பாட்டையே நாடாவில் பதித்தால் அது யாருக்கும் பொறுப்பில்லாத பொருள். எழுதத் தெரிந்தவன் இசைதான் இசை என்று எந்தத் தீய எண்ணமும் இன்றியே அந்தச் சட்டம் எழுதப்பட்டிருக்கும். விளைவு ஒன்றுதான். 1910இல் குஜிலியில் பாடியவனுக்குக் கிடைத்த இடம் 1996இல் பட்டரவாக்கத்தில் பாடியவனுக்குக் கிடைக்கவில்லை.

தமிழாசிரியர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருப்பது கூச்சமாக இருக்கிறது. சல்லடை நம் மரபின் சொல்லே அன்று. 1880இல் குடந்தைக் கல்லூரியின் தமிழாசிரியரைச் சேலம் இராமசாமி முதலியார் சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டபோது, மகாவித்துவானிடம் பாடம் கேட்ட அவரே அதைப் படித்திருக்கவில்லை. அன்றைய கல்விமரபின் சல்லடையில் சீவக சிந்தாமணி நின்றிருக்கவில்லை. அந்தாதிகளும் கோவைகளும் நின்றிருந்தன. அந்த ஆசிரியர் உ.வே. சாமிநாதையர், ஊர் ஊராகப் பரண்களில் தேடி 1887இல் அதைப் பதிப்பித்தார். பரண் இருந்த வீடுகள் என்பதைக் கவனிக்க. வளையாபதியும் குண்டலகேசியும் உதிரிச் செய்யுள்களாக மட்டும் மிஞ்சியது அவை மட்டமானவை என்பதாலா? எந்தத் தமிழ்த் துறையில் இப்படிச் சொல்லிப் பார்க்கிறீர்கள், பார்ப்போம்.

அடியார்க்குநல்லார் செய்தது நினைவிருக்கிறதா? சிலப்பதிகார உரையின் தொடக்கத்தில், தம் காலத்துக்கு முன்பே அழிந்துபட்ட இசைத்தமிழ், நாடகத்தமிழ் நூல்களை அவர் பேர் சொல்லி வைக்கிறார். பெருநாரை, பெருங்குருகு, பஞ்சபாரதீயம். ஒரு வரிகூட மிஞ்சாத நூல்கள். இல்லாதவற்றின் பெயர் எதற்கு என்று அவர் நினைத்திருந்தால், அப்படியொரு இசைமரபு எழுதப்பட்டிருந்தது என்பதே நமக்குத் தெரிந்திராது. அவர் தம் உரைக்குப் பயன்படுத்திய நூல்களில் ஒன்றாகச் சொல்லும் பஞ்சமரபு, பல நூற்றாண்டு கழித்து, சென்ற நூற்றாண்டின் எழுபதுகளில் சுவடியிலிருந்து அச்சேறியது. பெயர் எழுதி வைக்கப்பட்டிருந்ததால்தான் கிடைத்தது இன்னதென்று அடையாளம் காண முடிந்தது. ஏழங்குலத் தட்டுகளுக்குப் பட்டியல் போடும் கலிபோர்னியா ஆசாமி செய்வதும் இதுதான். நாங்கள் கேட்பதும் இதைத்தான்.

இனி மறுப்புகள். முதலாவது, கானாவில் ஆபாசம் மிகுதி, பெண்ணை இழித்துப் பாடுகிறார்கள் என்பது. உண்மை. எங்கள் கையில் இருப்பனவற்றிலேயே தங்கை முன் போட முடியாதவை உண்டு. காதலித்து விலகிய பெண்ணைச் சபிக்கும் பாட்டுகளில் சில வெறும் வன்மம், கலையின் பெயரால் அவற்றை மன்னிக்க எங்களுக்கு மனமில்லை. ஹார்ட்கோரிலும் பெண்கள் மேடையருகே நிற்க முடியாத அடிதடி இருந்தது. அதை எதிர்த்துத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரயட் கேர்ள் இயக்கத்துப் பெண்களே தனிக் குழுக்களும் கையிதழ்களும் கண்டார்கள். எதை எதிர்க்கிறோம் என்று எழுதி வைத்தபடியே எதிர்த்தார்கள். கண்டிக்க வேண்டுமானாலும் பொருள் கையில் இருக்க வேண்டாமா? அதோடு, தனிப்பாடல் திரட்டையும் விறலிவிடு தூதையும் அச்சிட்டு அலமாரியில் வைத்திருக்கும் நாம் கானாவிடம் மட்டும் கற்பைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது மறுப்பு நாட்டுப்புறவியல்காரர்களுடையது. அவர்கள்மீது எங்களுக்கு மரியாதை உண்டு. நா. வானமாமலை 1964இல் நாட்டுப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டபோது கேட்ட ஏளனம் கொஞ்சமன்று. அவர் வழிவந்தோரின் உழைப்பால்தான் தாலாட்டும் ஒப்பாரியும் முதுகலைப் பாடத்துக்குள் வந்தன. ஆனால் அந்தத் துறைக்கு இன்றும் கிராமத்தின்மேல் தீராத காதல். வயலோரத்துக் கிழவி மார்பில் அறைந்து பாடினால் ஒப்பாரி, ஆய்வுப்பொருள். அம்பத்தூர்ச் சாவு வீட்டில் லுங்கி கட்டிய இளைஞன் மைக்கில் பாடினால் நாகரிகச் சீரழிவு. இருவரும் செய்வது இறந்தவனைப் பெயர் சொல்லி அழுவதுதான். வாய்மொழி மரபு என்பதற்கு நாம் தரும் இலக்கணம் அத்தனையும், அங்கேயே கட்டிப் பாடுதல், வாய்பாட்டுத் தொடர்கள், கேட்போரின் எதிர்ப்பாட்டு, எல்லாம் மரண கானாவில் இருக்கின்றன. மைக் இருப்பதும் மண்சாலை இல்லாததும்தான் குறை. பாடுபவன் எந்தச் சாதி என்பதும் ஒரு குறையாக மனத்தில் எழுகிறதா என்பதை அவரவர் தனியே இருக்கும்போது கேட்டுக்கொள்ளட்டும்.

மூன்றாவது மறுப்பே நேர்மையானது. கானாவுக்குத்தான் இப்போது மரியாதை வந்துவிட்டதே என்கிறார்கள். தேவாவின் இசை வழியாகத் திரைக்குப் போயிற்று. 2006இல் 'சித்திரம் பேசுதடி' வந்தபின் கானா உலகநாதனைத் தமிழகமே அறிந்தது. 2012இல் 'அட்டகத்தி' கானா பாலாவைக் கொண்டுவந்தது. மரண கானா விஜி தொலைக்காட்சிக்கும் மேடைக்கும் வந்தார். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில், அயோத்திதாசரின் சொல்லைப் பேராகச் சூடிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராக் இசையையும் பறையையும் ஒரே மேடையில் நிறுத்தியது. அந்த மேடையைக் கண்டு மகிழ்ந்தவர்களில் நாங்களும் உண்டு. பழைய டேப்ரிக்கார்டரில் இரண்டு நாடாக்களை மாற்றிப் போட்டுக் கேட்டது வெறும் பிள்ளைக் கிறுக்கு இல்லை என்று அன்று தோன்றியது. ஆனால் மேடையேறியவருக்குக் கிடைத்த மரியாதை மேடையேறாதவரின் ஒலிநாடாவைக் காப்பாற்றாது. உலகநாதன் திரைக்கு வருமுன்பே நெடுங்காலம் பாடியவர். அப்படி நெடுங்காலம் பாடி, திரை கூப்பிடாமலே போனவர்கள் எத்தனை பேர்? திரை எடுத்துக்கொண்டதுதான் மிஞ்சும் என்றால், நம் சல்லடையின் பெயர் காலம் இல்லை, கோடம்பாக்கம். எங்கள் வயதுக்காரர்களின் நினைவலைகளைப் பாருங்கள். தொண்ணூறுகள் என்று தொடங்கினால் அடுத்த வரி ராஜாவா ரகுமானா என்பதுதான். இருவரையும் நாங்களும் கேட்டு வளர்ந்தோம்; அவர்களை நினைவூட்டுவதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

யூடியூபில் எல்லாம் இருக்கிறதே என்போருக்கு ஒரே விடை. புதியது இருக்கிறது. கைப்பேசியில் எடுத்தவை இலட்சக்கணக்கில் இருக்கின்றன. தொண்ணூறுகளின் நாடாவை ஏற்றியவர் ஒரு சிலர். அவர்களும் 'பழைய கானா' என்று தலைப்பிட்டுப் பாடியவர் பெயரை விட்டுவிடுகிறார்கள். சானலை மூடினால் அதுவும் போயிற்று.

ஆகவே பெரிய திட்டம் எதையும் நாங்கள் முன்வைக்கவில்லை. ஆவணக் காப்பகம், அறக்கட்டளை, கருத்தரங்கு என்று தொடங்கினால் அழைப்பிதழ் அச்சாவதற்குள் மிச்சமிருக்கும் நாடாவிலும் பூஞ்சை ஏறிவிடும். பட்டியல் ஒன்று வேண்டும். நல்லது கெட்டது பிரிக்காத பட்டியல். பாடியவர், தபேலா வாசித்தவர், பதிந்த மைக் செட்டின் பெயர், எந்த ஊர், யாருடைய சாவு, எந்த ஆண்டு. தெரியாத கட்டத்தைக் காலியாக விட வேண்டும். ஊகித்து நிரப்பக் கூடாது. தரம் பார்ப்பதைப் பிறகு வருபவர்கள் செய்துகொள்ளட்டும். அவர்களுக்குத் தரம் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

இதைப் படிப்பவர்கள் எவரிடமாவது அத்தகைய ஒலிநாடா இருந்தால் உடனே போட்டுக் கேட்க ஆசைப்பட வேண்டாம். ஓரத்தில் வெள்ளைப் பொடி படர்ந்திருந்தால் அது பூஞ்சை. அப்படியே ஓட்டினால் டேப்ரிக்கார்டரின் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் நாடாவும் கெடும். ஒட்டிக்கொண்டிருந்தால் பென்சிலை நுழைத்து மெல்ல முழுதும் ஒருமுறை சுற்றி விடுங்கள். உடைந்த கூடாக இருந்தால் திருகாணி போட்ட வேறு கூட்டுக்கு நாடாவை மாற்றலாம்; பழைய ரேடியோ மெக்கானிக்குகளுக்கு இது பத்து நிமிட வேலை. அதற்கெல்லாம் முன்பாக அட்டையின் இரு பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள். பேனா மை நாடாவுக்கு முன்னரே அழிந்துவிடுகிறது.

எங்கள் பட்டியலில் இதுவரை பதினொன்று சேர்ந்திருக்கின்றன. ஏழாவது இது. அறுபது நிமிட நாடா. ஒரு பக்கம் முழுதும் மரண கானா, மறுபக்கத்தில் பாதி கானா, மீதி யாரோ மேலே பதிந்துவிட்ட கிரிக்கெட் வர்ணனை. பாடியவர் பெயர் இல்லை. தபேலாக்காரரைப் பாடுபவர் இரண்டு இடத்தில் "மாமா" என்று அழைக்கிறார். இறந்தவர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர், மூன்று பெண்களுக்குத் தகப்பன் என்பது பாட்டிலிருந்தே தெரிகிறது. இடம், பட்டரவாக்கம் ரயில் கேட்டுக்கு அருகே. நடுவில் ஒரு வண்டி கடந்துபோகும் சத்தம் பதிந்திருக்கிறது. பாடுபவர் நிறுத்தாமல் அது போகும்வரை அதே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார். ஆண்டு: காலி.